ஒரு கோப்பை, ஏழு முதல் பரிசு

நூலகர் பூதக்கண்ணாடியைக் கண்ணருகே கொண்டு போனார், தள்ளிப் பிடித்தார், சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் படத்தில் இருந்தது அவருடைய மாமியார் இல்லை.

கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் காகிதக் கொடிகள் கட்டிய மேடை. முன்னால் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், கையில் முழங்கை உயரத்துக்கு ஒரு கோப்பை. அதில் வெட்டியிருந்த எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன: 'பாலம் திறப்பு விழா, பாட்டுப் போட்டி, முதல் பரிசு.'

அதனாலென்ன, யாரோ ஒரு பெண் பரிசு வாங்கியிருக்கிறாள், இவர் ஏன் பதற வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இதே மேடை, இதே கொடி, இதே கோப்பை, ஆனால் இரட்டைப் பின்னலுக்குப் பதிலாகக் கொண்டை போட்ட மாமியார்: அப்படி ஒரு படம் நூலகர் வீட்டுக் கூடத்தில், அவர் கல்யாணமாகி வந்த நாள் முதல் தொங்குகிறது.

அந்த வீட்டில் எந்த வாக்குவாதம் நடந்தாலும் கடைசியில் ஜெயிப்பது அந்தப் படம்தான். சமையலில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று யாராவது முனகினால், "ஆயிரம் பேர் முன்னாடி பாடிக் கப்பு வாங்கினவ நான், எனக்கு உப்பு அளவு தெரியாதா?" என்பார் மாமியார். பாட்டுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தைரியம் பதினோரு வருஷத்தில் யாருக்கும் வரவில்லை.

இந்த லட்சணத்தில் நூலகர் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் வேறு விட்டுக்கொண்டிருந்தார். ஊரின் ஆற்றுப் பாலத்துக்கு இது நாற்பத்தைந்தாவது வருஷம். பாலம் திறந்தபோது மூன்று நாள் விழா நடந்ததாம், ராட்டினமாம், சாக்கு ஓட்டமாம், கடைசி நாள் பாட்டுப் போட்டியாம். அப்போது படம் எடுத்த ஸ்டுடியோக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வீட்டார் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் படங்களை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கண்காட்சி வைக்கலாம், யாரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடலாம் என்று சேர்மன் கேட்டபோது, நம்ம நூலகர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா?

"எங்க அத்தைதான் சார் அன்னைக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ்!"

அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு, 'பாட்டுப் போட்டியில் முதல் பரிசு பெற்றவர்' என்று மாமியாரை மேடையில் உட்கார வைக்கப் போகிறார்கள். இப்போது பார்த்தால், முதல் பரிசு வேறொருத்தி கையில்.

வேறு மருமகனாக இருந்தால் இந்தப் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருப்பான். நூலகருக்கும் ஒரு நிமிஷம் அந்த ஆசை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியபடி மாமியார் பாடுவாரே, அதைக் கேட்பதற்காகவே செருப்பைத் தேடுவது போலப் பத்து நிமிஷம் வாசலில் நிற்கிற ஆள் அவர். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் பார்த்து ஊர் சிரிப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. படத்தை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர், சோற்றைப் பிசைந்தபடியே மெல்ல ஆரம்பித்தார்.

"அத்தை, சும்மாதான் கேக்குறேன்..."

"சும்மா கேக்குறவங்க பிசைஞ்ச கையை நிறுத்திட்டுக் கேக்க மாட்டாங்க. என்ன விஷயம் மாப்பிள்ளை?"

"அந்தப் போட்டியில முதல் பரிசு ஒருத்தருக்குத்தானா? இல்ல, ரெண்டு மூணு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்களா?"

"ஒரு கப்பைப் பிரிச்சா, ஒருத்திக்குப் பிடியும் ஒருத்திக்கு மூடியுமா கொடுப்பாங்க?"

"அதுவும் சரிதான். அந்தக் கப்பு இப்ப இருந்தா கண்காட்சியில வைக்கலாமேன்னு பார்த்தேன்."

மாமியார் தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார். "வீடு மாத்துறப்ப தொலைஞ்சு போச்சு. எத்தனை தடவைதான் சொல்றது? ஏன், சந்தேகமா?"

"ஐயையோ! சந்தேகமா? நானா?"

மனைவி கண்ணாலேயே அவரை அடக்கினாள். மாமியார் எழுந்து போய்க் கூடத்துப் படத்தின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

நூலகத்துக்குத் திரும்பிய நூலகர் படத்தை மறுபடியும் வெளியே எடுத்தார். பயம் ஒரு பக்கம் இருக்க, யார் இந்தப் பெண் என்ற குறுகுறுப்பு அவரை விடவில்லை. சிரிக்கும்போது முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. இந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தலையைத் தட்டிக்கொண்டவர், சட்டென்று எழுந்தார். போன திங்கட்கிழமை அவருடைய புது பேன்ட்டுக்கு அளவெடுத்தவர் சிரித்த சிரிப்பு அது.

தையல்கடையில் ஒரே கூட்டம். கழுத்தில் டேப்போடு தையல்காரம்மா மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். நூலகர் வழியெல்லாம் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார். இவர் இரண்டாம் பரிசாக இருப்பார், ஆசைக்குக் கோப்பையை வாங்கிப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டிருப்பார், அதை அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது.

"அம்மா, அந்தப் பாட்டுப் போட்டியில ரெண்டாம் பரிசு வாங்கினது நீங்கதானே?" என்றபடி படத்தை நீட்டினார்.

மிஷின் நின்றது.

"ரெண்டாம் பரிசா? எந்தக் கண்ணு கெட்டவன் சொன்னான்? கப்புல என்ன எழுதியிருக்குன்னு படிங்க சார். சத்தமா படிங்க!"

நூலகர் சத்தமாகவே படித்தார். வேறு வழி?

"கேட்டீங்களாடி?" என்று கடையில் இருந்தவர்களைப் பார்த்துத் தையல்காரம்மா முழங்கினார். "இதே மாதிரி ஒரு படத்தை வீட்டுல மாட்டி வெச்சிருக்கேன், என் மருமக நம்ப மாட்டேங்குறா. ஏதோ டிராமாவுல எடுத்த படம்னு சொல்றா. இப்ப லைப்ரரியே சொல்லுது!"

"கப்பு... கப்பு பத்திரமா இருக்காம்மா?"

"அதை ஏன் கேக்குறீங்க! என் தம்பிக்காரன் அதுல தண்ணி ஊத்தி மீன் வளர்த்தான். துருப்பிடிச்சு ஓட்டையாகி, பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்." அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு எங்க வீட்டுல ஒன்பது பேரும் வர்றோம். படம் வாசல்லயே இருக்கணும். உள்ள மூலையில மாட்டினீங்களோ, உங்க பேன்ட்டு என்கிட்டதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கங்க."

காலையில் மேஜை இழுப்பறைக்குள் இருந்த ரகசியம், மாலை நான்கு மணிக்குக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. நூலகர் தன் தலையில் தானே குட்டிக்கொண்டு நூலகத்துக்கு நடந்தார்.

இனி ஒரே வழி. மேடையில் பரிசு கொடுக்கும் காட்சியை ஸ்டுடியோக்காரர் கட்டாயம் எடுத்திருப்பார். அந்தப் படம் கிடைத்தால் யார் அசல் என்று தெரிந்துவிடும். டிரங்குப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தார்.

வந்தன படங்கள். ரிப்பன் வெட்டுகிறார்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரியாத அளவுக்கு ஜனம். சாக்குக்குள் விட்ட காலோடு விழுந்து கிடக்கிற தபால்காரர். ராட்டினத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிற போலீஸ்காரர். நூலகர் தன்னை மறந்து சிரித்தார். இத்தனை பேர் இருந்த ஊரா இது? பாலம் வந்ததும் பாதிப் பேர் அதன் வழியாகவே பிழைக்க வெளியூர் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார்.

பரிசு கொடுக்கும் படம் மட்டும் வரவில்லை. அதற்குப் பதில், கோப்பையோடு நிற்கும் மூன்றாவது பெண் வந்தாள். மூக்குக் கண்ணாடியையும் அந்த முறைப்பையும் பார்த்ததும் நூலகரின் உள்ளங்கை தானாகவே மூடிக்கொண்டது. ஏழாம் வகுப்பில் அவரைப் பிரம்பால் வெளுத்த கணக்கு டீச்சர். நாலாவதாக வந்தவர் பேக்கரிக்காரம்மா. பிறகு முகம் தெரியாத மூன்று பேர். கடைசியில் வந்தது மாமியார், கொண்டையோடு. கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள், இங்கே பூதம் குடும்பத்தோடு புறப்பட்டிருந்தது.

ஏழு படங்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். ஏழு பெண்கள், ஒரே கோப்பை. இன்னொரு வேடிக்கையும் கண்ணில் பட்டது. பெட்டிக்குள் கிடந்த அந்தக் கால நோட்டீஸில் போட்டி மாலை ஆறு மணிக்கு என்று போட்டிருந்தது. படங்களிலோ சுள்ளென்று வெயில், ஏழு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்கு எந்த ஊரில் இப்படி வெயில் அடிக்கிறது? என்னதான் நடந்தது அன்றைக்கு?

மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏழா?" என்றாள் அவள். "அம்மா காதுக்குப் போச்சுன்னா உடைஞ்சு போயிருவாங்கங்க. ஏழையும் ஏழு இடத்துல மாட்டுங்க. ஒருத்தர் படம் இன்னொருத்தர் கண்ணுல படவே கூடாது."

யோசனை பிரமாதமாக இருந்தது. நூலகர் புத்தக அலமாரிகளை இழுத்துத் தடுப்புக் கட்டினார். மாமியார் முன்வாசலில். பின்பக்கமும் வாசல்தானே, அங்கே தையல்காரம்மா. கணக்கு டீச்சர் அகராதிகளுக்குப் பின்னால். பேக்கரிக்காரம்மா செய்தித்தாள் அடுக்குக்குப் பக்கத்தில். மற்ற மூவர் மாடிப்படியில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியோடு அவர் வியர்வையைத் துடைத்தபோது சேர்மன் உள்ளே வந்தார்.

கூடத்தில் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மைக்செட்காரரைத் தவிர வேறு யாரும் அப்போது அங்கே இல்லை. அவருக்கு எழுபது வயதிருக்கும், ஊரில் எந்த விசேஷத்துக்கும் அவர் ஒலிபெருக்கிதான்.

சேர்மன் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு முறை சுற்றினார். இன்னொரு முறை சுற்றினார்.

"என்ன லைப்ரரியன், எங்க பார்த்தாலும் ஃபர்ஸ்ட் பிரைஸா இருக்கு?"

நூலகர் மென்று முழுங்கினார். "அந்தக் காலத்துல எல்லாருக்கும் தாராள மனசு சார்."

"இதையா ஒளிச்சு ஒளிச்சு மாட்டி வெச்சிருக்கீங்க? ஒரே ஊர்ல ஏழு முதல் பரிசு! வெளியூர்க்காரன் கேட்டா வயிறெரிஞ்சு சாவான்." சேர்மன் கையைச் சொடுக்கினார். "ஏழையும் கழட்டுங்க. ஒரே வரிசையா வாசல்ல மாட்டுங்க. ஏழு பேர்ல யார் யார் இருக்காங்களோ அத்தனை பேருக்கும் நானே போன் பண்றேன். மேடையில ஒவ்வொருத்தரா பாட வைப்போம். யாருக்குக் கைத்தட்டல் அதிகமோ, அவங்கதான் அசல்!"

"சார், வேண்டாம் சார்! பெரியவங்க மனசு..."

"பெரியவங்கன்னுதான் சொல்றேன். ஜனங்க அலைமோதும் பாருங்க."

மைக்செட்காரர் ஒயரைக் கீழே போட்டுவிட்டு வந்து, வரிசையாகச் சாய்த்து வைத்த ஏழு படங்களையும் குனிந்து பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி மறுபடியும் ஒயருக்கே போய்விட்டார். என்ன சிரிப்பு என்று கேட்கும் நிலையில் நூலகர் இல்லை.

மறுநாள் காலை கடைசி முயற்சியாக மாமியாரை வீட்டிலேயே நிறுத்திவிடப் பார்த்தார்.

"அத்தை, உங்களுக்கு முகமெல்லாம் வாடியிருக்கு. காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு."

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் தெப்பமா வேர்க்குது. அது சரி, புது பேன்ட்டு எங்க?"

"அது... இன்னும் கைக்கு வரலை அத்தை."

மாமியார் பீரோவில் இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டியிருந்தார். கண்ணாடி முன் நின்று தலைமுடியை ஒதுக்கிய விதத்தை நூலகர் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த மனுஷியைக் கூட்டிக்கொண்டு போய் நடுத்தெருவில் நிறுத்தப் போகிறோமே பாவி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

நூலக வாசலில் நல்ல கூட்டம். ஏழு படங்களும் வரிசையாக, ஆளுயரத்தில். மாமியார் முதல் படத்தின் முன் நின்றார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்த்தார். ஏழாவது வரைக்கும் போய், அங்கேயே நின்றுவிட்டார். நூலகர் கண்ணை மூடிக்கொண்டார். இதோ இடி இறங்கப் போகிறது.

இறங்கவில்லை. கண்ணைத் திறந்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்பது பேரோடு தையல்காரம்மா வந்துகொண்டிருந்தார். அவரும் படங்களைப் பார்த்தார். பிறகு மாமியாரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம் நின்றார்கள்.

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்றார் தையல்காரம்மா, தேன் சொட்டும் குரலில்.

"இருக்கேம்மா. அன்னைக்கு நீ என்னமா பாடினே! இன்னும் காதுலயே நிக்குது."

"உங்களை விடவாக்கா?"

நூலகர் தன் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். உப்பு விஷயத்தில்கூட ஒரு இம்மி இறங்கி வராத மாமியாரா இது? அதற்குள் கணக்கு டீச்சர் கைத்தடியோடு வந்து சேர்ந்தார், பேக்கரிக்காரம்மாவும் வந்தார். மற்ற மூவரில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் மகளோடு வெளிநாட்டில், இன்னொருவர் யாரென்றே தெரியவில்லை. வந்த நால்வரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குசுகுசுவென்று ஏதோ பேசினார்கள். அந்தக் கோப்பை யாருடையது என்று நாலு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தையல்காரம்மாவின் மருமகள் மட்டும், "அத்தை, படத்துல ஏழு பேரும் கப்பு வெச்சிருக்காங்களே?" என்று ஆரம்பித்தாள்.

"பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசாத!" என்று நாலு பேரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

மேடையில் சேர்மன் மைக்கைப் பிடித்தார். "அம்மாமார்களே, இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும். அன்னைக்கு உண்மையிலேயே ஃபர்ஸ்ட் யாரு?"

"எல்லாருமே நல்லாத்தான் பாடினோம்," என்றார் கணக்கு டீச்சர். விடைத்தாளில் அரை மதிப்பெண் விட்டுக்கொடுக்காதவர் அவர்.

"அது முடிஞ்சு போன கதை தம்பி," என்றார் பேக்கரிக்காரம்மா.

மாமியார் எழுந்து மைக்கின் பக்கம் வந்தார். "கைத்தட்டலை அளக்கிறதெல்லாம் வேண்டாம் சேர்மன் சார். நாங்க நாலு பேரும் சேர்ந்தே பாடுறோம்."

என்ன பெருந்தன்மை! இந்த அம்மாளையா சந்தேகப்பட்டோம் என்று நூலகருக்குக் கண் கலங்கியது. பதினோரு வருஷத்து உப்பையெல்லாம் அந்த நொடியில் மன்னித்தார்.

நாலு பேரும் எழுந்து நின்றார்கள். ஆனால் எங்கே நிற்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மாமியார் மைக்கிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றார். மைக்செட்காரர் ஓடிப் போய் அவரை மெல்ல முன்னால் நகர்த்தி, மைக்கை உயரம் பார்த்துத் திருகிவிட்டு வந்தார். புடவைத் தலைப்பைப் பிடித்திருந்த மாமியாரின் கை கிடுகிடுவென்று நடுங்கியது. முதல் வரி காற்றில் போயிற்று. இரண்டாவது வரியில் மாமியாரின் குரல் எழுந்தது, தினமும் செடிகளுக்கு நடுவே கேட்கிற அதே குரல். மற்ற மூன்றும் அதைப் பிடித்துக்கொண்டன. கூட்டம் கப்சிப் என்றாகிவிட்டது.

நூலகர் நழுவிப் போய் மைக்செட்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, பாலம் திறந்தப்பவும் நீங்கதான் மைக்கா?"

"மூணு நாளும் நான்தான் சார்."

"அப்ப இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். ஒரு கப்பை ஏழு பேர் எப்படி வாங்கினாங்க?"

"வாங்கலை சார், பிடிச்சாங்க." மைக்செட்காரர் பாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஸ்டுடியோக்காரர்கிட்ட இருட்டுல எடுக்குற லைட்டு கிடையாது. போட்டியோ சாயங்காலம். ஜெயிச்சவங்க படம் அன்னைக்குக் கடைசி பஸ்ல பேப்பர் ஆபீஸுக்குப் போயாகணும். அதனால காலையிலயே பாட வந்த ஏழு பேரையும் மேடை முன்னாடி நிக்க வெச்சு, ஆளுக்கு ஒரு தடவை கப்பைக் கையில கொடுத்து எடுத்துட்டாரு. யார் ஜெயிச்சாலும் படம் ரெடி. எடுத்ததைத் தூக்கிப் போட மனசு வராம, அப்புறமா அவங்கவங்க வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுத்துட்டாரு."

நூலகரின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு விழுந்தது. வெயிலுக்கும் காரணம் தெரிந்தது, ஏழு படத்துக்கும் காரணம் தெரிந்தது. அப்படியென்றால் உண்மையில் ஜெயித்தவர் ஒருவர்தான், அந்த ஒருவர் ஏன் மாமியாராக இருக்கக் கூடாது?

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. ஜெயிச்சது எங்க அத்தைதானே? ஆனா ஒண்ணு மட்டும் புரியலை. ஆயிரம் பேர் முன்னாடி பாடினவங்க, இன்னைக்கு இந்த நூறு பேரைப் பார்த்து ஏன் இப்படி நடுங்குறாங்க?"

மைக்செட்காரர் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு மத்தியானம் அடிச்ச மழையில மேடையே ஆத்தோட போயிருச்சு, போட்டி எங்க சார் நடந்துச்சு? நாலு பேரும் மேடை ஏறிப் பாடுறது இன்னைக்குத்தான் முதல் தடவை."